அசனத்தில் உடைந்த கிரைண்டரும் நான் போட்ட கையெழுத்தும்

அஞ்சுகிராமம்
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்புள்ள மகள் பெபிஷாவுக்கு,

எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஜெர்மனியில் குளிர் குறைந்திருக்கும், நீ நேரத்துக்குச் சாப்பிட்டு கர்த்தருடைய காவலில் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். நான் பிரஷர் மாத்திரையும் பழைய கோபங்களுமாக இருக்கிறேன், இரண்டையும் நிறுத்தும் உத்தேசம் இல்லை. போன தடவை வந்தபோது, நீங்க தோத்த கதையை என் தலையில் ஏத்தாதீங்கப்பா என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். அதற்குத்தான் இத்தனை நாள் பேசவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை பேசாத்த வாயி சாப்பாட்டுக்கு மட்டும் என்னத்துக்குத் திறக்கு என்று அம்மா தினமும் கேட்கிறாள். ஆனால் வியாழக்கிழமை நீ அம்மாவிடம் ஸ்பீக்கரில் பேசியதை அடுத்த அறையிலிருந்து முழுவதும் கேட்டேன். ஒட்டுக்கேட்டது தப்புதான், மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. போன மாதம் நம் சபையின் அசன விருந்துக்கு கோயில் கிரைண்டர் போதவில்லை என்று நம் வீட்டுக் கிரைண்டரை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆயிரம் பேருக்குக் கறி மசாலா அரைக்கிற அவசரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் காய்ந்த விரலி மஞ்சளை இடிக்காமல் அப்படியே உள்ளே கொட்டிவிட்டார். அடிக்கல்லின் ஒரு ஓரம் சில்லுப் பெயர்ந்து கிரைண்டர் வீடு வந்து சேர்ந்தது. உன் ஜெபசீலன் மாமா உடனே வந்துவிட்டான். கல்லை ஸ்டீல் டிரம்மோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது, அதைப் பிரிக்க முடியாது, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதிது எடுங்க என்றான். நான் முடியும் என்றேன். அவன் சிரித்துவிட்டு, ஆமா, அத்தானுக்க பசையில்லா, தும்மினாலே கழறும் என்று இருபத்து நான்கு வருடமாகச் சொல்கிற அதே கிண்டலை அம்மா முன்னால் சொன்னான்.

அந்த டிரம் நான் கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனியில் கெமிஸ்டாக இருந்தபோது என் கையால் ஒட்டிய சோதனை டிரம், அது உனக்கும் தெரியும். கல்லை ஒட்டிய பசையில் சில மணிகளைக் கலந்திருந்தேன், அவை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. வெந்நீர் ஊற்றிக் கழுவினாலும் அவை அசையாது, நூற்றி முப்பது டிகிரியைத் தாண்டினால்தான் ஒவ்வொன்றும் பொரி மாதிரி உப்பி, கல்லையும் தகட்டையும் தள்ளிப் பிரிக்கும். பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் டைட்டஸிடம் சூட்டுக் காற்று மெஷினை இரவல் கேட்டேன். போன் டிஸ்பிளேயைக் கழத்தவே நாங்க படாத பாடு படுகோம், சார் கல்ல கழத்தப் போறியளா என்றான். வேடிக்கை பார்க்க அவனும் கூடவே வந்தான். டிரம்மைக் கவிழ்த்து அடியில் சூடு காட்டினேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எட்டாவது நிமிடம் உள்ளே அரிசி பொரிகிற சத்தம். டிரம்மை நிமிர்த்தினேன், கல் முழுசாகக் கையோடு வந்தது, தகட்டில் ஒரு கீறல் இல்லை. இருபத்து நான்கு வருடம் தினமும் மாவாட்டிய பசை மக்கா, ஒரு நாள் அசையவில்லை, பிரியச் சொன்னபோது பிரிந்தது. மயிலாடிக் கல்தச்சர் கிருஷ்ணமணி கல்லைக் கொத்திச் சரிசெய்து தந்துவிட்டார், நேற்று திரும்ப ஒட்டினேன். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில், அத்தான், இத அன்னைக்கே கம்பெனிக்காரனுவளுக்குக் காட்டியிருந்தா நீங்க எங்கேயோ போயிருப்பியளே என்றான்.

காட்டினேன் மக்கா. அதைத்தான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. என் வேலையை முதலாளி குழிதோண்டிப் புதைத்தான் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அது பாதி உண்மை. கல்லை மட்டும் கழற்றி மாற்ற முடிந்தால் அடுத்த கிரைண்டரை எவன் வாங்குவான் என்று கேட்டான். பிறகு என் டிரம்மில் ஒன்றை எடுத்து கேஸ் அடுப்பில் ஏற்றி, கல் கழன்றதும் அறிக்கை எழுதச் சொன்னான். அறிக்கையில் கல் கழன்றது என்று இருந்தது, அடுப்பு இல்லை. அடுப்பில் ஏற்றி மாவாட்டுகிற பெண்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறாள்? அதன் அடியில் என் கையெழுத்து. நானேதான் போட்டேன். நீ அப்போது அம்மாவின் இடுப்பில் இருந்தாய், வீட்டு வாடகை இருந்தது, பயம் இருந்தது. அடுத்த வருடமே அந்த வேலையும் போனது. பிறகு ஊருக்கு வந்து பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டு எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள் என்று போதகர் சொல்கிறார். முதலாளியை வேண்டுமானால் யோசிக்கலாம், அந்தக் கையெழுத்தை முடியாது.

இப்போது உன் கம்பெனியில் உன்னிடமும் ஒரு தாள் நீட்டியிருக்கிறார்கள். நீ மூன்று வருடம் உட்கார்ந்து செய்த பசை, கார் பேட்டரிப் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொள்கிறது, குலுக்கினாலும் வெயிலில் வாட்டினாலும் விடவில்லை, சிறிதளவு மின்சாரம் கொடுத்தால் மட்டும் விடுகிறது. ஒரு செல் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், கெட்டதில் உள்ள உலோகத்தை உருக்கித் திரும்ப எடுக்கலாம், பெட்டி முழுவதையும் அரைத்துக் குப்பையில் போட வேண்டாம். அவர்கள் எழுதி வைத்திருப்பது, இணைப்பு சோதனையில் பிரிந்தது, பாதுகாப்பற்றது என்று. மின்சாரம் கொடுத்ததால் பிரிந்தது என்ற வரி அதில் இல்லை. திங்கட்கிழமைக்குள் உன் கையெழுத்து வேண்டும். எல்லாரும் போடுகிறார்கள் அம்மா, நானும் போட்டுவிடப் போகிறேன் என்று வியாழக்கிழமை நீ சொன்னபோது உன் குரல் எனக்குப் பழகிய குரலாக இருந்தது. அது என் குரல்.

போடாதே. விட்டுப்போன வரியை நீயே எழுது, அதன்பின் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். தபால் அதற்குள் வராது என்று தெரியும், அதனால் இதைப் படம் பிடித்து அம்மாவின் போனிலிருந்து இன்றே அனுப்பச் சொல்கிறேன், நாளைக் காலை தாளையும் தபாலில் போடுவேன். வேலை போனால் போகட்டும், இங்கே உன் அறை அப்படியே இருக்கிறது. தோற்றவள் மாதிரி தலைகுனிந்து மட்டும் வராதே, மாமாவுக்குச் சிரிக்க இன்னொரு காரணம் நான் தரமாட்டேன். கர்த்தர் உன் கையையும் உன் புத்தியையும் காப்பாராக. அம்மாவின் முத்தங்கள். வைட்டமின் டி மாத்திரையை மறக்காதே.

இந்த இடத்தில் வழக்கமாக என் பெயரைப் போடுவேன். உறை எழுதியாகிவிட்டது, பேனா கையில்தான் இருக்கிறது. இந்த எழுத்து யாருடையது என்று உனக்கு அடையாளம் தெரியும். அந்தக் கையெழுத்து ஒரு தடவை பொய்க்குச் சாட்சி சொன்னது, உன்னிடம் உண்மை சொல்லும் தாளில் அதைப் போட எனக்கு மனமில்லை. இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.