உள்ளங்கை பட்ட தகடு

மூன்று வருடம் வாய்மூடி இருந்தது போதும், அப்பா. வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார்களைச் செய்யும் ஒரு பட்டறையில், அலுமினியத் தகடுகளைத் தேய்த்துப் பெயின்டுக்குத் தயார் செய்கிறேன். போன வாரம் துடைத்து முடித்த கதவுத் தகட்டை வெறுங்கையால் தடவிவிட்டேன். கையின் எண்ணெய்ப்பசை பட்ட அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் உள்ளங்கை அச்சாகத் தெரிந்தது. “ஏன்யா, காருக்குக் கைரேகை ஜோசியமா பாக்கப்போறோம்?” என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டே சுரண்டினேன்.

தங்கை கல்யாணத்தில், “இவ்ளோ படிச்சு என்னத்தடா கிழிச்ச?” என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்களே, அதை மன்னிக்கவில்லை. ஆனால் அம்மா சாவுக்கு நீங்கள்தான் காரணம் என்று நான் பதிலுக்குச் சொன்னது பொய்.

என் வாசிப்புக் கண்ணாடி என் மேசை இழுப்பறையில் இருந்தால் அனுப்புங்கள். அந்த மேசை இன்னும் வீட்டில் இருக்கிறதா?

அன்று கல்யாண வீட்டிலேயே, “இனிமே நீ எனக்குப் பிள்ளையே இல்ல” என்றீர்கள். அதை நீங்கள் மாற்றும்வரை ‘உங்கள் மகன்’ என்று எழுத முடியாது. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.