ஸ்கேன் ஓடியபோது நீ சொன்னது

கே.கே. நகர், மதுரை

அன்புள்ள சுபாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த ஊர்க் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நம்ம ஊர் எழுமலையில் மழை தேவலை, சித்தப்பா பருத்தி போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அழகர்கோவில் போய் வந்தோம், பிரசாத தோசையில் உனக்குப் பிடித்த முறுகிய ஓரத்தை உன் அம்மா வழக்கம்போலப் பிய்த்துத் தனியாக வைத்தாள், யாரும் தின்னவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் வீடியோவில் பேசியதிலிருந்து நீ போன் எடுப்பதில்லை, அதனால்தான் தபால். 'அம்மா கல்லு மாதிரி உக்காந்திருந்ததுலயே பதில் தெரிஞ்சுபோச்சுப்பா' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியிருந்தாய், என்ன கேள்விக்கு என்ன பதில் என்று எங்களுக்கு விளங்கவில்லை. உன் அம்மாவோ, 'மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டுப் பட்டுனு கட் பண்ணிட்டா, அம்புட்டு என்ன கோவம் அவளுக்கு' என்று அழுது தீர்த்துவிட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் பக்கமே போவதில்லை. நெட் கோளாறாக இருக்கும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

அதனால் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எழுதுகிறேன், சலிக்காமல் படி. தெருமுனையில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அழகுராஜாவைக் கூட்டி வந்தேன். 'அண்ணே, இத எப்பெப்ப ஆன் பண்ணுவீங்க' என்று கேட்டார். மகள் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றேன். மற்ற நாளில் கரண்ட் தின்னும் என்று உன் அம்மா பிளக்கையே பிடுங்கித் துணி போட்டு மூடிவிடுவாளே, உனக்குத் தெரியாததா. அவர் சிரித்துவிட்டார். நீ போட்டுக் கொடுத்த ஆன்டிவைரஸ் ராத்திரியில் ஸ்கேன் செய்ய வேண்டுமாம். ராத்திரி மிஷினுக்கு உயிரே இல்லை, ஆகவே தவறிப்போன வேலையை ஆன் பண்ணின உடனே, அதாவது சரியாக நீ கூப்பிடும் நேரத்தில், ஆரம்பிக்கிறதாம். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்க்கும், ஜிப் பண்ணிக் கட்டி வைத்ததையும் அவிழ்த்துப் பார்க்கும். உன் காலேஜ் போட்டோக்களை நான் பத்திரத்துக்கு என்று நாலைந்து இடத்தில் காப்பி செய்திருந்தேன், அத்தனையையும் பார்க்கும். ஹார்டு டிஸ்க்கோ பழசு, உள்ளே தட்டு சுற்றித்தான் படிக்க வேண்டும், ஸ்கேனும் வீடியோவும் சேர்ந்து இழுத்தால் அது என்ன செய்யும். போதாததற்கு ஒன்றுக்கு ரெண்டாக இருக்கட்டும் என்று நான் இன்னொரு ஆன்டிவைரஸும் ஏற்றி வைத்திருந்தேன். 'ரெண்டும் ஒண்ண ஒண்ணு சந்தேகப்பட்டுத் தேடிக்கிட்டுக் கெடக்குண்ணே' என்று சொல்லி நான் போட்டதை எடுத்துவிட்டார்.

அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான் சுபா. 'அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்றாய், அது கேட்டது. அதற்குமேல் சத்தமில்லை, உதட்டைக் கடித்தபடி உன் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது, பிறகு கட். உன் பக்கத்திலும் அம்மாவின் முகம் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும். யோசித்துப் பார், உன் அம்மா எந்தக் காலத்தில் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்? இதை அவளிடம் சொன்னதும், 'அடி ஆத்தே, புள்ள என்னத்தச் சொல்லுச்சோ, நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன்னுல நெனச்சிருக்கும்' என்று எழுந்து போய் அவளே துணியை எடுத்தாள், பிளக்கைச் சொருகினாள். சனிக்கிழமையே ஆன் பண்ணி ஸ்கேனை முடித்துவிடுவது என்று ஏற்பாடு. இப்போது நான் அணைக்கலாம் என்று சுவிட்ச் பக்கம் போனாலே சத்தம் போடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நீ சொன்னது கல்யாணமோ, வேலையோ, வேறெதுவோ, எங்களுக்குத் தெரியாது. கோபப்படுகிற விஷயமாக இருந்தால் கேட்டுவிட்டுக் கோபப்பட்டுக்கொள்கிறோம். நாங்கள் இன்னும் கேட்கவே இல்லை.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். அழகர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
காசிமாயன்