அம்மாவுக்கும் சேர்த்து

அக்கா,

இன்று காலை யாழினியின் பச்சைப் பாவாடையை மடியில் போட்டுக்கொண்டு பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரிக்கப் பிரிக்க உள்ளே மடங்கிக் கிடந்த துணி வெயில் படாத நிறத்தோடு வெளியே வந்தது. மேலே துவைத்து வெளிறிய பச்சை, உள்ளே நீ வாங்கி வந்த நாளின் பச்சை. கூடவே ஒரு வாசனை. தட்டாஞ்சாவடி தையல் கம்பெனியிலிருந்து நீ வரும்போது உன் புடவையில் வருமே, மெஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசனை, அதுதான்.

"வளர்ற புள்ளைடி. தாராளமா உள்ளுக்குப் பிடிச்சு வச்சிருக்கேன். பெரிய மனுஷி ஆகுற வரைக்கும் பிரிச்சுப் பிரிச்சு விட்டா போதும்" என்று சொல்லித்தான் அதைத் தைத்தாய். இன்று பிரித்தது கடைசித் தையல். இனி உள்ளே துணி இல்லை. உன் மகளுக்கு ஒன்பது வயதுதான் ஆகிறது அக்கா. உயரத்துக்கு என்று நீ கீழே வைத்த மடிப்பு அப்படியே இருக்கிறது. இடுப்புக்கு வைத்தது மட்டும் தீர்ந்துபோய்விட்டது.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதுகிறேன். நீ இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பதும் தெரியும்.

உன் கோடைகளை நினைத்துக்கொள்கிறேன். வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நேராகத் தெருவுக்கு இறங்குவாய். குருசுக்குப்பத்துப் பக்கமிருந்து கடல்காற்று திரும்பும் நேரம். "வெயில் சாஞ்சிடுச்சு, டிவியை நிறுத்துங்கடி!" என்று நீ போடும் சத்தத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளைகள் கொட்டும். ஐஸ்பாய், நொண்டி, கல்லா மண்ணா. துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு நீயும் ஓடுவாய். பிள்ளைகளை விளையாடப் போகச் சொல்லி நீ ஒரு நாளும் சொன்னதில்லை. நீ முதலில் போவாய், பின்னால் அவர்கள் வருவார்கள். ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, "உலகத்தைப் பத்திப் படிச்சுக்கிட்டே இரு. உலகம் இங்க நொண்டி ஆடுது" என்பாய். நான் இறங்க மாட்டேன். தெரு முழுக்கப் பார்க்க ஓடுவது எனக்கு எப்போதும் வராது. உனக்கு அது தெரியும், அதனால் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவாய்.

ஆவணியில் நீ போனாய். இது நீ இல்லாத முதல் கோடை.

பள்ளிக்கூடம் இருந்தவரை பஸ் ஸ்டாப்புக்கு நடையாவது இருந்தது. லீவு விட்டதும் அதுவும் போயிற்று. மாடி சூடு, தெரு சூடு. ஃபேனுக்கு நேர் கீழே போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். காலாப்பட்டுக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போவதை நான் இந்த இரண்டு மாதம் நிறுத்திவிட்டேன், என் ஆய்வு அப்படியே கிடக்கிறது, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கூடவே இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கூடவே இருந்துதான் இது நடந்தது.

தெரு அவளுக்கு ஊட்டுகிறது அக்கா. நம் தெருவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போன நாளிலிருந்து எந்த வீட்டிலும் அவளை வெறும் கையோடு அனுப்புவதில்லை. பால் வாங்கப் போனால் ஒரு வீட்டில் வடை, தண்ணீர் பிடிக்கப் போனால் இன்னொரு வீட்டில் கேசரி. கடைக்காரர் மிட்டாய்க்குக் காசு வாங்குவதில்லை. வேண்டாம் என்று நான் எதிர்வீட்டுச் செல்வி அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் கையில் கிண்ணத்தோடு நின்றபடியே கேட்டார்:

"தாயில்லாப் புள்ளை வாசல்ல நிக்குது. நான் மட்டும் எப்புட்றீ முழுங்குறது?"

"டாக்டர் சொன்னாங்கக்கா."

"படிச்ச வீட்டுல சோத்தையும் தராசுல வச்சுத்தான் போடுவீங்களோ? பெத்தவ இருந்தா இப்படிக் கணக்கு பாப்பாளா?"

சொன்ன பிறகு அவருக்கே கண் கலங்கிவிட்டது, அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

டாக்டரிடம் போனது கழுத்துக்காக. பின்கழுத்தில் கறுப்பாகப் பட்டை விழுந்திருந்தது. வேர்வை அழுக்கு என்றார்கள். பயத்தம் மாவும் தயிரும் போட்டுத் தேய்க்கச் சொன்னார் செல்வி அக்கா, நானும் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தேன். "எரியுது சித்தி" என்று அழுதாள். கறுப்பு போகவில்லை. அந்த டாக்டரம்மா கழுத்தைப் பார்த்ததும் என் கையைத்தான் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லம்மா. இனிமே தேய்க்காதீங்க. சாப்பிடற சர்க்கரையை உடம்பு சமாளிக்க முடியாம திணறுது, அதோட அடையாளம்."

சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வரம்பு ஓரத்தில் நிற்கிறாள் என்றார். பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள், வளர்கிற பிள்ளை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜூஸ், பாக்கெட் தீனி, ராத்திரி பரோட்டா குறைய வேண்டும். போனை வைத்துவிட்டு நேரத்தில் தூங்க வேண்டும். காலையிலோ வெயில் தாழ்ந்தோ தினமும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும். "இந்த வயசுல திருப்பிடலாம். லீவு முடிஞ்சு கூட்டிட்டு வாங்க, பாப்போம்." கேட்கும்போது எவ்வளவு எளிதாக இருந்தது தெரியுமா.

ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்தேன். இரண்டாம் நாளே ஒரு பெண் "ஏய், ரோடு ரோலரு" என்று கூப்பிட, மற்றதுகள் சிரிக்க, மூன்றாம் நாள் யாழினி செருப்பையே போடவில்லை. பிஸ்கட் டப்பாவை ஒளித்தேன். அவள் அரிசிப் பானைக்குள் பாக்கெட்டை ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். நான் படித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். துக்கத்தைப் பற்றி எத்தனை பக்கங்கள் படித்திருப்பேன். அரிசிக்குள் கையை விட்டு அந்தக் கசங்கிய பாக்கெட்டைத் தொட்டபோது ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

மாமாவிடம் பேசினேன். ஓட்டல் வேனை நிறுத்திவிட்டு வரும்போது மகளுக்கென்று தினமும் ஒரு கவர் கொண்டுவருவார். பப்ஸ், சிக்கன் பரோட்டா, ரோஸ்மில்க். "கொஞ்ச நாளைக்கு வேணாம் மாமா" என்றேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நாள் முழுக்க அது மூஞ்சியில சிரிப்பு வர்றது இந்தக் கவரைப் பாத்தாத்தான். அதையும் புடுங்கிடச் சொல்றியா?"

அவர் சொன்னது உண்மை. யாழினி கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம், வெயில் ஏறும் முன் ஸ்கூட்டரில் அவளைப் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். அந்நேரத்துக்கே கூட்டம். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், கையை வீசிக்கொண்டே அரட்டை அடிக்கிறவர்கள். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை ஓடலாம் வா என்றேன். கருங்கல் பாறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"கால் வலிக்குதா?"

"இல்ல."

கையைப் பிடித்து இழுத்தேன். கனத்து உட்கார்ந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆட்கள் திரும்பிப் பார்ப்பதுகூடத் தெரியாமல் கத்தினேன்: "உனக்கு உடம்பு எளைக்க வேணாமா?"

"வேணாம்" என்றாள். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எளைச்சா செத்துப் போயிடுவாங்க."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அலைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. உன் வளையல் தானாகக் கழன்று ஆஸ்பத்திரித் தரையில் உருண்டதைச் சொன்னாள். உன் கன்னம் உள்ளே போனதைச் சொன்னாள். அப்புறம் ரொம்பச் சாதாரணமாக, எனக்கு மறந்துபோன ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி, "நான் சாப்பிடலன்னா அம்மா பட்டினி சித்தி" என்றாள்.

நான் அந்த வார்டில்தான் இருந்தேன் அக்கா. போன கோடை. வயிற்றுக் கட்டி உன்னை ஒரு வாய் கஞ்சிகூட விழுங்க விடாத நாட்கள். நீ சாப்பிடாததைப் பார்த்துப் பிள்ளையும் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. நீ தலையணையில் சாய்ந்தபடி கையை நீட்டி அவள் வயிற்றைத் தடவினாய். "நீ சாப்புடு கண்ணு. நீ சாப்பிட்டா அம்மாவுக்கு வயிறு ரொம்பிடும்" என்றாய். அவள் இட்லியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, "ரொம்பிடுச்சா? ரொம்பிடுச்சா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். அந்த வாரத்திலேயே நீ சிரித்தது அதுதான். நர்ஸ் அவள் தலையைத் தடவி "சமத்து" என்றார். அதற்கப்புறம் தினமும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து உனக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவளைச் சாப்பிடச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இன்னும் நிறுத்தவில்லை அக்கா. உனக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். தெருவில் எல்லாரும் தாயில்லாப் பிள்ளைக்கு என்று கொடுக்கிறார்கள், அவள் அதைத் தாய்க்கு என்று வாங்கிக்கொள்கிறாள்.

நான் என்ன செய்யட்டும், சொல். நீ சொன்னது உண்மையில்லை என்று சொன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்குகிறேன். அவளிடம் உன்னுடையதாக மிச்சமிருப்பதே அந்த ஒரு வார்த்தைதான். உண்மை என்று சொன்னால் அவள் சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள், அந்தக் கறுப்புப் பட்டை கழுத்தைச் சுற்றி வந்துவிடும். ஒரு வாய் இட்லி இறங்கட்டுமே என்று நீ சொன்ன வார்த்தை அது. உன் பிள்ளை அதை இத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் என்று உனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் மறுநாளே வேறு ஏதாவது சொல்லிச் சரி செய்திருப்பாய். உனக்கு மறுநாட்கள் அதிகம் இல்லை.

"அம்மாவுக்கு இப்ப பசிக்காது" என்றேன் பாறையில்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஓடாமலே வீட்டுக்கு வந்தோம். ஸ்கூட்டரில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் நான் தெருவுக்கு இறங்கினேன். உன்னைப் போல இல்லை. துப்பட்டாவை எங்கே செருகுவது என்றுகூடத் தெரியவில்லை. சாக்பீஸால் கட்டம் போட்டு, தன்னந்தனியாக நொண்டி அடித்தேன். காது வரை சுட்டது. செல்வி அக்கா வாசலில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்னாடி இது, கல்யாணம் பண்ற வயசுல காலைத் தூக்கிக்கிட்டு?"

"நீங்களும் வாங்கக்கா."

"நானா? நான் விழுந்தா அப்புறம் தெருவே பள்ளமாயிடும்!"

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். யாழினி ஜன்னலில் நின்று பார்த்தாள், நான் எப்போதும் உட்கார்கிற அதே ஜன்னல். மறுநாளும் இறங்கினேன். அதற்கடுத்த நாள் உள்ளேயிருந்து ஒரு குரல், "சித்தி கோட்டை மிதிச்சிடுச்சு! அவுட்டு!" தீர்ப்பு சொல்ல வாசலுக்கு வந்தாள். வாசலிலிருந்து தெருவுக்கு வர இன்னும் இரண்டு நாள் ஆனது. வந்தவள் நாலு கட்டம் தாண்டுவதற்குள் மூச்சிரைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோனேன். தண்ணீர் குடித்தாள். உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது அக்கா. பெரிதாக எதுவும் மாறிவிட்டதாக உனக்கு நான் எழுத முடியாது.

பாறையில் அவள் சொன்னதை மாமாவிடம் சொன்னேன். வேனுக்குள் போய் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கவர் இன்னும் வருகிறது, சில நாள் வாழைப்பழத்தோடு, சில நாள் பழையபடி பரோட்டாவோடு. செல்வி அக்காவிடமும் சொன்னேன். அன்றைக்கு அவர் வீட்டில் யாருமே சாப்பிடவில்லையாம்.

நான் யாழினியிடம் உன் பெயரில் ஒன்று சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அம்மாவுக்கு இப்போதெல்லாம் ரொம்பச் சின்ன வயிறு, கொஞ்சத்திலேயே நிறைந்துவிடும் என்று. அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் இரண்டாவது தோசை முடியும்போது கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"அம்மாவுக்குப் போதுமா சித்தி?"

அடுப்புப் பக்கம் திரும்பியபடி, உனக்காக நான்தான் பதில் சொல்கிறேன். போதும் என்று. காலையில், மத்தியானத்தில், ராத்திரியில். சில வேளை, "இல்ல, அம்மாவுக்கு இன்னும் பசிக்குது" என்கிறாள். அப்போது கரண்டியை எடுத்து இன்னொரு தோசை ஊற்றிவிடுகிறேன்.