முறை கேட்கக் கூடாத வேலை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஒன்றும் விற்கவில்லை. வயிறு மட்டும் நிறைந்திருக்கிறது.

காலைக் கூட்டத்தில் மேலாளர் ஹெர்லம்பாங் விதிகளை மறுபடி சொன்னார். காப்பீடு விற்கப் போகும் வீட்டில் சாப்பிடக் கூடாது, காப்பிகூட. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரக் கூடாது. மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு சொல் கூட்டக் கூடாது. குரலை உயர்த்தக் கூடாது. முக்கியமாக, யாரிடமும் குலம் கேட்கக் கூடாது, முறை சொல்லக் கூடாது. அவர் ஜாவாக்காரர், சலதிகா ஊர். அவர் பேசுவதைக் கேட்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் அவருக்குப் பஞ்சுவாயர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

எங்கள் சியந்தார் ஊரில், பத்தாக் இனத்தார் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, முறை பேசாமல் எப்படி ஐயா பேசுவது? நான் கேட்காவிட்டால் அவர்கள் கேட்கிறார்கள். இன்றைக்கு அரிசி ஆலைக்காரர் ஒருவர். நான் பேச்சின் முதல் வரியைத்தான் ஆரம்பித்தேன்.

"நிறுத்து நிறுத்து. எந்தக் குலத்துப் பொண்ணு நீ?"

"சிலித்தோங்கா."

"அம்மா?"

"பாங்கரிபுவான்."

"அடி இவளே! நானும் பாங்கரிபுவான். உனக்குத் தாய்மாமன் முறை. நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு! ஏய், யாரங்கே, மீனை எடுத்து வை!"

சாப்பிட்டு முடித்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தேன். "மாமன்கிட்டயா சாவுக்குச் சீட்டு விக்கிற? ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போ" என்று தலையில் அரிசி தூவி அனுப்பிவிட்டார். இந்த ஐந்து மாதத்தில் என் தலையில் விழுந்த அரிசியைச் சேர்த்திருந்தால் ஒரு வாரம் உலை வைத்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பாடகர் குழுப் பெண்கள் நான் வருவதைப் பார்த்து, காப்பீடு விற்பேனோ என்று பயந்து பின் வாசல் வழியாக நழுவுகிறார்கள். சின்ன வயதிலிருந்து கூடப் பாடியவர்கள். இன்று நான் ஆபீஸ் கோட்டுகூடப் போடவில்லை. அழுகை வந்தது. அம்மாவோ முன் வாசலில் நின்று, "என் பொண்ணு ஏசி ஆபீஸ்ல இருக்கா" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 13, வியாழன்

ரூமொண்டாங் இன்றும் எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். மாமா மகள், எங்கள் வீட்டில் தங்கி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் மூன்று நாள் என் ஆபீசுக்குச் சாப்பாடு சுமந்துவர அவளுக்கு என்மேல் திடீரென்று என்ன பாசம்? ராத்திரி படுத்துக்கொண்டு பஞ்சுவாயரைப் போல நடித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "பாவம்டி, நல்ல மனுஷன்தான்" என்றாள். இவளுக்கு எல்லாருமே நல்ல மனுஷன்.

மார்ச் 14, வெள்ளி

எழுதாமல் தூக்கம் வராது.

சந்தைக்குப் பின்னால் மாடியில் புர்பா பெரியவர் நடத்தும் வானொலி நிலையத்துக்குக் காப்பீடு பேசப் போனேன். அறிவிப்பாளர் மேதான் நகருக்கு ஓடிப்போய்விட்டதால் மனிதர் தானே ஒலிவாங்கிமுன் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் தோட்டத்திலிருந்து ஒரு பையன். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். அவள் தனக்குத் தங்கை முறை ஆகிறாள் என்று சித்தப்பா தடுக்கிறாராம், உண்மையா என்று கேட்கிறான். புர்பா திருதிருவென்று விழித்தார். என் வாய் சும்மா இருக்குமா? எட்டி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா குலம், அம்மா குலம், பையனின் பாட்டி எந்த ஊர் எல்லாம் கேட்டேன். கேட்கக் கேட்கச் சித்தப்பா ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்திருப்பது தெரிந்தது. "தம்பி, அவ உனக்குத் தங்கச்சி இல்லடா. மாமன் மகள். மோதிரம் வாங்கு!" என்றேன். அந்தப் பக்கம் வீடே கத்தியது. சித்தப்பாவைப் போட்டு அடிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சித்தப்பாதான் அதிகம் கத்தினாராம், சந்தோஷத்தில்.

புர்பா என் காகிதத்தைத் தொடவே இல்லை. "இது வேண்டாம்மா எனக்கு. உன் வாய்தான் வேணும். சாயங்கால நிகழ்ச்சியை நீ நடத்து. சம்பளம் உன் ஆபீஸ்ல பாதிகூட வராது, பொய் சொல்ல மாட்டேன். மே மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வெச்சிருக்கேன்" என்றார்.

பாதிகூட வராது. அம்மா என்னைக் கொன்றே போடுவாள். ஆனாலும் வரும் வழியெல்லாம் பெச்சா வண்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இனி ஏன் வேலையை விட வேண்டும்?

மாமன் வீட்டாரிடம் விற்க முடியாது. சரி. எங்கள் குலத்தில் பெண் எடுத்தவர்களிடம் போகலாமே! பெண் கொடுத்த வீட்டார் கேட்டால் மறுக்கக் கூடாது என்றுதான் எங்கள் வழக்கம். விதியைக் காற்றில் பறக்கவிட்டு, முறை சொல்லிக்கொண்டு போனேன். ஒரே வாரத்தில் மூன்று பாலிசி! கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். பஞ்சுவாயர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

மூன்றாவது பாலிசி எடுத்தவர் ஊர்க்கோடியில் இருக்கும் தூரத்து அத்தையின் வீட்டுக்காரர். கையெழுத்து ஒன்று பாக்கி என்று இன்று போனேன். அத்தை பன்றிக்குட்டிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே அத்தை, சந்தைக்கா? இவ்வளவு சின்னதை யார் விப்பாங்க?"

அவள் அடுத்த குட்டியைப் பிடிக்கக் குனிந்தாள். வீட்டுக்காரர்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்: "உனக்குக் கட்டணும்ல. பொண்ணு குடுத்த வீட்டுப் பிள்ளை நீ. வாசல்ல வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல வாய் வருமா?"

அவருக்கு அது எதற்கான பாலிசி என்றே தெரியாது. கேட்டேன், தெரியாது. நான் விளக்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. சீ! இது விற்பனையா? வழிப்பறிக்காரன்கூடக் கத்தியைக் காட்டுவான், நான் முறையைக் காட்டியிருக்கிறேன்.

வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருந்தது. மூன்று வீட்டுக்கும் போய் நன்றாக விளக்கி, வேண்டுமா என்று கேட்டேன். ஒருவர் மட்டும் யோசித்துவிட்டு வேண்டும் என்றார். மற்ற இரண்டையும் ரத்து செய்தாயிற்று. அத்தை குட்டிகளைத் திறந்துவிட்டபோது அவை என் காலுக்கடியில் ஓடி என்னைச் சேற்றில் தள்ளின. அவள் சிரித்தாள், நானும்.

ஏப்ரல் 3, வியாழன்

பஞ்சுவாயர் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னேன். வேலையை விடுகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்த விதியை நான் ஏன் வெச்சேன்னு இப்பப் புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். உண்மையாகவே புரிந்தது, அவர்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. அடுத்த நிமிடமே அதைக் கெடுத்தார். "ரெண்டு வருஷம் இருக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கீங்க. நான் விட்டாத்தான் போக முடியும். விதிப்படி வேலை செஞ்சு பாருங்க, திர்மா."

என் பெயர் தியுர்மா.

முறை சொல்லாமல் எனக்கு விற்க வராது. முறை சொல்லி விற்றால் அது வசூல். நடுவில் எனக்கு எங்கே இடம்?

ஏப்ரல் 21, திங்கள்

வீட்டில் இடி விழுந்தது. மாமா பலிகேயிலிருந்து பேருந்து பிடித்து வந்து வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். ரூமொண்டாங் ஒரு ஜாவாக்காரரைக் கல்யாணம் செய்ய வேண்டும் என்கிறாளாம். தேவாலயத்துக்குப் போகிறவர்தான், நல்ல வேலைதான். "குலம்? குலம் எங்கே? குலமில்லாதவனை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவேன்? 'ஏ மனுஷா'ன்னா?"

ரூமொண்டாங் கதவைச் சாத்திக்கொண்டாள். திருடி! என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா காப்பியை வைத்துவிட்டு, "கத்தி முடிச்சிட்டியா, அண்ணே?" என்று கேட்டாள். "அந்தப் பையனை நாங்க பிள்ளையா எடுத்துக்கறோம். சிலித்தோங்கா ஆயிடுவான். உன் தங்கச்சி பிள்ளைன்னா உன் பொண்ணுக்கு யாரு?"

மாமா காப்பியைக் குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டார். "அத்தை மகன்" என்றார் மெதுவாக. "முறைதான்."

எனக்கு ஒரு அண்ணன் வரப்போகிறார்! ஆள் யாரென்று கேட்டால் ரூமொண்டாங் வாயே திறக்க மாட்டேன் என்கிறாள்.

மே 4, ஞாயிறு

வந்தார். கதவைத் திறந்தது நான்தான்.

கையில் பழக்கூடை, நன்றாகப் படிய வாரிய தலை. பஞ்சுவாயர்!

நான் கதவை மறுபடி சாத்திவிட்டேன். வேண்டுமென்று இல்லை, கை தானாகச் சாத்திவிட்டது. அப்பாதான் வந்து திறந்தார். நான் ரூமொண்டாங்கைச் சமையலறைக்குள் இழுத்துப் போனேன்.

"அப்போ அந்தச் சாப்பாடெல்லாம்?"

"உனக்கும்தான் கொண்டாந்தேன்."

"ராத்திரி ராத்திரி நான் அவரைத் திட்டினது?"

"எல்லாத்தையும் சொல்லலடி. பாதிதான் சொன்னேன்."

"பஞ்சுவாயர்?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியானால் அது சொன்ன பாதியில் இருக்கிறது. கடவுளே.

மே 10, சனி

இவ்வளவு சிரித்து எத்தனை நாளாயிற்று!

பிள்ளையாக எடுக்கும் சடங்கில் அப்பாவும் அம்மாவும் அவரை நடுவில் உட்காரவைத்து உலோஸ் சால்வை போர்த்தி, முழு மீனை ஊட்டினார்கள். பிறர் வீட்டில் காப்பிகூடக் குடிக்காத மனிதர் மூன்று தட்டு சாப்பிட்டார். காட்டு மிளகு நாக்கில் ஏறிக் கண்ணில் நீர் கொட்டியது. அழுகிறார் என்று நினைத்து அம்மாவும் அழுதாள்.

பிறகு எழுந்து நின்று, பெயரைக் குலத்தோடு சபைக்குச் சொல்ல வேண்டும். சொன்னார்.

"கேக்கல!" என்றது கூட்டம்.

மறுபடி சொன்னார்.

"கொசு ஏதோ பேசுது, யாராவது விரட்டுங்கப்பா!" என்றார் மாமா.

அவர் என்னைப் பார்த்தார். நான் வயிற்றில் கை வைத்து, இங்கிருந்து கொண்டுவாருங்கள் என்று காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கத்தினார் பாருங்கள், "ஹெர்லம்பாங் சிலித்தோங்கா!" என்று, வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மாமாதான் முதலில் போய்க் கட்டிக்கொண்டார். நானும் அழுதேன். மிளகு இல்லை, உண்மையாகவே அழுதேன்.

மே 11, ஞாயிறு

வானொலி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "சொந்த அண்ணன் நடத்துற ஆபீஸை விட்டுட்டுப் போவியா? நேத்துத்தான் வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு இதுதான் நீ செய்யற மரியாதையா?" என்கிறாள். அப்பா, "அண்ணன்கிட்ட கேளேன். தங்கச்சி கேட்டு மறுக்க முடியுமா?" என்கிறார்.

முடியாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தை வீட்டுக்காரராலும் மறுக்க முடியவில்லையே.

மே 12, திங்கள்

ஆபீஸில் அவர் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு, தங்கச்சி." இன்னும் பழகாத சொல், வாயில் வைத்துப் பார்க்கிறார். எனக்குப் பயிற்சியாளர் வேலை யோசித்து வைத்திருந்தாராம். வெயிலில் அலைய வேண்டாம், சம்பளமும் கூட. ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அம்மாவின் முகம் எப்படி மலரும் என்று நினைத்தேன்.

பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றேன். "சார், நான் தங்கச்சியா வரலை. இந்தக் கிளையில வேலை பாக்கற ஆளா வந்திருக்கேன். அண்ணனா யோசிக்காதீங்க. எனக்கு வேற ஒரு வேலை கிடைச்சிருக்கு. அது எனக்கு வரும், இது வரலை. அதை நீங்களே பாத்திருக்கீங்க. வாக்குக் குடுத்தேன், தப்புத்தான். விட முடியும்னா விடுங்க. முடியாதுன்னா சொல்லுங்க, ரெண்டு வருஷம் முடிச்சிட்டே போறேன். வீட்ல ஒரு வார்த்தை போகாது."

சத்தம் போடாமல் சொன்னேன். பத்து நிமிடமும் ஆகவில்லை. 

"இதே மாதிரி நீங்க வெளியில பேசியிருந்தா இந்தக் கிளைக்கே முதல் ஆளா வந்திருப்பீங்க" என்றார்.

"பேசியிருக்கலாம் சார். ஆனா இப்ப நான் கேட்டது எனக்கு ரொம்ப வேண்டிய பொருள். காப்பீட்டுக்கு நான் இவ்வளவு ஆசைப்பட்டதே இல்லை."

சிரித்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரித்து இந்த ஆபீஸ் கேட்டதில்லை. வெளியே தட்டச்சு நின்றது. "மாசக் கடைசியோட முடிச்சுக்கங்க. இது மேலாளரோட முடிவு" என்றார். நான் கதவருகே போன பிறகு, "அம்மாகிட்ட நான் பேசறேன். அது அண்ணனோட வேலை" என்றார்.

ஜூன் 2, திங்கள்

முதல் நிகழ்ச்சி. ஒன்றரை மணி நேரம். தொண்டை போய்விட்டது. நாளைக்கும் இருக்கிறது! நாளை மறுநாளும்!

ஜூன் 7, சனி

அம்மா மீன் வாங்கி வரச் சொன்னாள். காலையிலேயே சந்தைக்குப் போனேன். கடைக்காரியிடம் கெண்டை என்ன விலை என்றுதான் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இந்தக் குரல்... ரேடியோப் பொண்ணுதானே நீ? ஏய், எல்லாரும் வாங்கடி, ரேடியோப் பொண்ணு வந்திருக்கு!"

இஞ்சிக் கடைக்காரி தன் மருமகனுக்கு முறை கேட்டாள். வெற்றிலைக் கடைக்காரர், தொலைந்துபோன தம்பி குடும்பம் பெக்கான்பாருவில் இருக்கலாம், அறிவிக்க முடியுமா என்றார். பாடகர் குழுப் பெண்கள் இரண்டு பேர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, "இவ எங்க கூடப் பாடறவ" என்று என் இரண்டு தோளிலும் கையைப் போட்டுக்கொண்டார்கள். யாரோ முக்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

வீட்டுக்கு வரும்போது மதியம் ஆகிவிட்டது. மீன் வாங்க மறந்துவிட்டேன். அம்மா திட்டிக்கொண்டே முட்டை பொரித்தாள்.