கயிறு போகாத பக்கம்

பங்குனி, செவ்வாய் இரவு

புதர் மண்டாமலிருக்க, கருங்குழிக்கு அந்தப் பக்கம் உள்ள புல்வெளியில் இன்று வனத்துறை சார்பில் தீ வைத்தோம். அதற்கு முன் இரண்டு பேர் நீளக் கயிற்றைப் புல்மேல் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். தரையில் கூடு வைத்த பறவை எழுந்தால் அந்த இடத்தை எரிக்காமல் விட வேண்டும். பாதிதான் இழுத்தோம். காற்று ஏறிவிடுமென்று நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

தீ ஓடியதும் கரிச்சான்களும் பருந்துகளும் கூட்டமாக இறங்கின. "இன்னா மேடம், இவ்ளோ பட்சி வந்துகீது! எல்லாத்தையும் கணக்குல ஏத்திக்கோங்க" என்றார், கயிறு இழுத்த ஏழுமலை. ஏற்றினேன். தப்பி ஓடியவற்றைத் தின்ன வந்தவை அத்தனையும் என் பறவைக் கணக்கில் இருக்கின்றன.

சாயங்காலம் ஒரு வானம்பாடி சாம்பலில் ஒரே இடத்தில் இறங்குவதும் எழுவதுமாக இருந்தது. அலகில் வெட்டுக்கிளி. விழுங்கவே இல்லை.

"அது நாம கயிறு இழுக்காத பக்கமாச்சே மேடம்" என்றார் ஏழுமலை.

'முழுவதும் கயிறு இழுக்கப்பட்டது' என்ற படிவத்தில் காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தேன். நாளை வடக்குத் துண்டை எரிக்க வேண்டும். ஒரு வேலை குறையுமே என்று அதன் படிவத்திலும் அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.