தாழ்வான ஜன்னல்

குன்னத்தூர்
20.6.2006

அன்புள்ள சித்ராதேவிக்கு,

நான் நலம். உன் இடுப்புவலி தேவலையா? சின்னவளுக்குச் சளி விட்டதா?

பனியன் கம்பெனி முதலாளி ஒருவர், விருந்தாளிகள் வந்து தங்குவதற்குத் தோப்புக்குள் குடில் கட்டுகிறார். அங்கேதான் கொத்துவேலை. சுவரெல்லாம் சுடாத மண் கல். ஃபேன் கிடையாது, காற்றுதான். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காதபடி, பழக்கத்தில் ஜன்னலை நெஞ்சுயரத்தில் வைத்துவிட்டேன்.

"ஏனுங்கண்ணா, இங்க ஏதுங்க தெரு? படுத்துட்டே மரம் தெரியோணும், காத்து மேல படோணும்" என்று இன்ஜினீயரம்மா சிரித்தார். சுவரைப் பிரித்து, அதே மண்ணைக் குழைத்து, ஜன்னலைத் தாழ்வாக வைத்தேன். சேதம் ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

நேற்று கட்டில் வந்தது. படுத்துப் பார்க்கச் சொன்னார். மரம் தெரிந்தது.

"ரெண்டு பேர் கட்டிலுங்க இது. அந்தப் பக்கமும் பாருங்க" என்றார்.

அந்தப் பக்கமும் நானே படுத்துப் பார்த்தேன். அங்கிருந்தும் தெரிந்தது.

இங்கே ஆனிக் காற்று பலம். ஞாயிறன்று நம் ஊர் முனீஸ் வருகிறான். போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்றை அவனிடம் கொடுத்துவிடு. மண் குழைத்தாகிவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

சேலையைத் துவைக்க வேண்டாம். காய நேரமிருக்காது.

மொக்கைச்சாமி