மெயினை அணைத்த பிறகும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சௌக்கியம் என்று உங்கள் மகள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். இங்கே அவளுக்கு ஏழாம் மாதம் முடிகிறது. மாலையில் பாதம் கொஞ்சம் வீங்குகிறது. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரையை மட்டும் நான் முன்னால் நின்றால்தான் விழுங்குகிறாள். டாக்டர் குறை ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்பவள் நான் ஒருத்திதான். அதுவும் அவள் கூனிக்கொண்டு உட்காருவதைப் பற்றி மட்டும்.

பிரசவத்துக்கு வர முடியாது என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் சொன்னீர்கள்; ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். முதலில் முட்டி வலி என்றீர்கள். பிறகு பயணம் ஒத்துக்கொள்ளாது என்றீர்கள். கடைசியில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றீர்கள். லீவு கேட்டு மூன்று காரணம் எழுதிய பெண்ணுக்கு, நான் படித்த கான்வென்டில் லீவு கிடைக்காது. சொல்லாத நாலாவது காரணம் என்ன என்றுதான் சிஸ்டர் கேட்பார். உங்கள் மகள் போனை வைத்துவிட்டு, "அண்ணன் பசங்களுக்குன்னா அம்மா ஓடுவாங்க. எனக்குன்னா முட்டி வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். ஒரே துண்டை நாலு தரம் மடித்தாள்.

அன்று பேச்சின் நடுவில் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். "முதல்ல அந்த மிக்ஸியை நிறுத்துடி, ஒண்ணும் கேக்கல" என்றீர்கள். "இங்க எந்த மிக்ஸியும் ஓடலம்மா" என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஓடாத மோட்டாரை நிறுத்தச் சொல்லி அப்பாவைத் தினமும் திட்டுகிறீர்கள் என்று முந்தின வாரம்தான் அவள் வேடிக்கையாகச் சொல்லியிருந்தாள். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன்.

உங்களைக் கேள்வி கேட்கப் போவதில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

என் கணவர் காலமான மறுவருஷம் என் இடது காதில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. கொய்ங் என்று, மூச்சு விடாமல். மேல்மாடித் தையல்காரரின் மோட்டார் மெஷின்தான் காரணம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கட்டிடச் செயலாளருக்கு மூன்று புகார்க் கடிதங்கள் எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொண்டு. கடைசியில் அவர் ஒரு மத்தியானம் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கட்டிடத்தின் மெயினையே அணைக்கச் சொன்னார். மின்விசிறி, பிரிஜ், தண்ணீர் மோட்டார், கீழ்வீட்டு டிவி எல்லாம் ஓய்ந்தன. மாடிப்படியில் ஆளாளுக்கு வந்து நின்றார்கள். என் காதுக்குள் மட்டும் கரண்டு போகவில்லை.

"இப்பவும் கேக்குதாங்களா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "இல்லை, நின்றுவிட்டது" என்றேன். என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய பொய் சொன்னதில்லை. தையல்காரர், "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லி அன்றைக்கே மெஷினைப் பால்கனிக்குத் தூக்கிப்போனார். பிறகு இரண்டு வருஷம், வெயில் மழை என்று பார்க்காமல் பிளாஸ்டிக் விரிப்புக்கு அடியில் உட்கார்ந்து தைத்தார். நான் கீழே உட்கார்ந்து கொய்ங் கேட்டேன்.

காது டாக்டர் சோதித்துவிட்டு, வயதுக்கேற்ற செவிக்குறைவுதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இதை நிறுத்த மாத்திரை கிடையாது என்றார். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு உளவியல் நிபுணர்கள் இணையம் வழியாக எட்டு வாரம் பயிற்சி கொடுத்து ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார்களாம். பெயர் கொடுக்கலாமே என்றார். எனக்குக் கோளாறு காதில், தலையில் இல்லை என்றேன். "தலையில கோளாறு இருக்கறவங்க இவ்வளவு தெளிவா சண்டை போட மாட்டாங்க, பாட்டி" என்றார். அம்மா என்றால் போதும் என்று திருத்தினேன். பெயரும் கொடுத்தேன்.

முதலில் அங்கிருந்த ஆலோசகர் பெண் ஒரு படிவம் அனுப்பினாள். இருபத்தைந்து கேள்விகள். சத்தத்தால் எரிச்சல் வருகிறதா, வெளியே போகத் தயங்குகிறீர்களா, இதிலிருந்து மீளவே முடியாது என்று தோன்றுகிறதா. யாரோ முகம் தெரியாத பெண்ணிடம் இதையெல்லாம் ஒப்புக்கொள்வதா? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்து, படிவத்தில் இருந்த மூன்று எழுத்துப் பிழைகளையும் சுட்டிக்காட்டி அனுப்பினேன். நாலாம் நாள் பதில் வந்தது. உங்கள் மதிப்பெண் பூஜ்யம், மிக நன்றாகச் சமாளிக்கிறீர்கள், உங்களுக்குப் பயிற்சி தேவைப்படாது, பிழைகளுக்கு நன்றி. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள், பூஜ்யம் வாங்கி வெளியே நின்றேன்.

மூன்று நாள் வீம்பாக இருந்தேன். நாலாம் நாள், முன்பு எழுதியது பொய் என்று மன்னிப்புக் கேட்டு மறுபடி நிரப்பினேன். இந்தத் தடவை நூற்றுக்கு அறுபத்திரண்டு. மதிப்பெண் ஏற ஏறத் துன்பம் அதிகம் என்று அர்த்தம். சேர்த்துக்கொண்டார்கள்.

எட்டு வாரமும் மகனின் பழைய கம்ப்யூட்டரில் பாடம் படித்தேன். நான் செய்தித்தாள் வாசிப்பதாக உங்கள் மகள் நினைத்துக்கொண்டாள். உடம்பைத் தளர்த்தப் பயிற்சி கொடுத்தார்கள். முழு அமைதியில் உட்காராமல் மெல்லிய சத்தம் ஏதாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மனதில் வரும் எண்ணத்தை எழுதி, அது சரிதானா என்று பக்கத்தில் சாட்சி எழுத வேண்டும். "இது நிற்காவிட்டால் என்னால் இருக்க முடியாது" என்று எழுதினேன். எதிர்ச் சாட்சியாக, "நேற்று இருந்தேன், துணி துவைத்தேன், குறுக்கெழுத்துப் போட்டியை முடித்தேன்" என்று எழுத வேண்டியதாயிற்று.

ஒரு வாரம், சத்தத்தை அருவியாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். எனக்கு அருவி வரவில்லை. எங்கள் கான்வென்ட் படிப்பறையில் ஒரு டியூப் லைட் இப்படித்தான் இரையும். பேசக் கூடாது என்பது விதி என்பதால் யாரும் புகார் செய்ததில்லை. அதற்கு அடியில்தான் மூன்று வருஷம் படித்துப் பள்ளியில் முதலாவதாக வந்தேன். இதை எழுதி அனுப்பியபோது ஆலோசகர் பெண், "அருவியை விட்டுடுங்கம்மா, டியூப் லைட்டே இருக்கட்டும்" என்று பதில் போட்டாள். எல்லோருக்கும் இது பலன் தருமா என்று கேட்டேன். இல்லை, யாருக்குத் தருகிறது என்றுதான் ஆராய்கிறோம் என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

சத்தம் போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் கடைசிப் படிவத்தில் என் மதிப்பெண் இருபத்துநாலு. மதிப்பெண் குறைந்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

அந்த வாரமே மாடி ஏறிப் போய்த் தையல்காரரிடம் உண்மையைச் சொன்னேன். மெஷினை நிறுத்தினார். பிறகு, "அப்ப என் மெஷின் மேல தப்பே இல்லையா? எண்ணெயா ஊத்தித் தள்ளினேனேம்மா!" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "நான் அன்னிக்கே சொன்னேன், இந்த மனுஷன் கேட்டாத்தானே" என்றாள். அவள் கொடுத்த காபி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. குடித்தேன். இப்போது மெஷின் என் தலைக்கு நேர் மேலே ஓடுகிறது. ஓடட்டும்.

மெஷின் சண்டை மட்டும்தான் என் மகனுக்கும் உங்கள் மகளுக்கும் தெரியும்; சத்தம் என் காதில்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. இந்த உலகத்தில் நான் ஒரு குறையைக் காட்ட விரும்பாத ஆள் உண்டென்றால் அது என் சம்பந்திதான். கல்யாணமாகி நாலு வருஷமாக நீங்களும் என்னிடம் அப்படித்தான் இருக்கிறீர்கள். அதனால்தான் நானே முதலில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு இப்படி ஒன்றுமே இல்லை என்றால், ஒரு கிழவி அதிகம் எழுதிவிட்டாள் என்று கிழித்துப் போடுங்கள். இருந்தால், முதலில் அங்கேயே ஒரு காது டாக்டரைப் பாருங்கள். பிறகு கிளம்பி வாருங்கள்.

உங்களுக்காகப் பின்பக்க அறையை, அமைதியாக இருக்கும் என்று ஒழித்து வைத்திருந்தோம். இப்போது தெருப்பக்க அறைக்கு மாற்றிவிட்டேன். பஸ் போகும், மின்விசிறி கடகடக்கும். பழுது பார்க்கிறேன் என்று வந்த மகனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காரணம் கேட்டான், சொல்லவில்லை. குழந்தை அழுதால் காதில் விழாமல் போய்விடுமோ என்று நானும் பயந்ததுண்டு. எனக்கு வலது காது நன்றாக இருக்கிறது. உங்களுக்கு எது என்று பார்த்துக்கொண்டு, தொட்டிலுக்கு எந்தப் பக்கம் யார் என்று பிரித்துக்கொள்வோம்.

குழந்தையை முதலில் உங்கள் கையில்தான் கொடுப்பேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன்; பொய் எழுதிப் பட்டது போதும்.

வரும் தேதியை எனக்கு எழுத வேண்டாம். அவளைக் கூப்பிட்டு நீங்களே சொல்லுங்கள். அவள் ஓடி வந்து என்னிடம் சொல்லும்போது, அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி, "அப்படியா?" என்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வருகையை எதிர்பார்க்கும்
சம்பந்தி